ஒரு கிராம் எழுத்து

கெட்டிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். விடையைக் கதைக்குள்ளேயே போட்டுவைத்திருக்கிறேன். கோட்டை விட்டுவிட்டுப் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

கோயம்புத்தூர் கணபதியில், ஒரு சந்தின் கடைசியில் ரேணுகாதேவிக்கு லேத் பட்டறை. பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் பம்புக்குள் சுழலும் சக்கரங்களைக் கடைந்து கொடுக்கிறாள். ஒன்றுகூட அதிராது. என்ன பிரயோசனம், எல்லாம் கிணற்றுக்குள்ளும் ஆழ்துளைக்குள்ளும் போய் மறைந்துவிடும். அவள் செய்தது சுழல்வதை ஊரும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. வெளியே சொல்லாவிட்டாலும் அது அவளுக்கு ஒரு ஏக்கம்.

அப்போதுதான் இன்பராஜும் நஸ்ரினும் வந்தார்கள். இன்பராஜ் மில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிறவன். நஸ்ரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். இருவருக்கும் ரோபோ சண்டை என்றால் பைத்தியம். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு குட்டி ரோபோக்களை மோதவிடுவார்கள்; ஒன்று அசைவற்றுக் கிடந்தால் மற்றது ஜெயித்தது. இவர்களுடைய ரோபோவுக்குச் 'சில்வண்டு' என்று பெயர். அதன் முகத்தில் சுழன்று அடிக்கப்போகும் எஃகுச் சக்கரத்தை, இரண்டு பல் வைத்து, இன்பராஜ் மூன்று மாதம் வரைந்தான். ரேணுகா கடைந்தாள். கூண்டுக்கு வெளியே நின்று ரிமோட்டில் ஓட்டப்போகிறவள் நஸ்ரின்.

சூளையில் சுட்டுக் கெட்டிப்பதம் ஏற்றி வந்த சக்கரத்தை ரேணுகா அச்சில் கோத்துச் சமன் பார்த்தாள். எப்படித் திருப்பி வைத்தாலும் வைத்தபடி நின்றது. அவளுக்குப் பரம திருப்தி.

போட்டிக்கு முந்தைய நாள் மதியம் பட்டறையில் யாருமில்லை. தலைக்கு மேலே மூன்று இறக்கை மின்விசிறி, துளி நடுக்கமில்லாமல், சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் சொருகியது. கனவில் சக்கரம் மேலே மிதந்தது. ஆயிரம் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். குளத்துத் தண்ணீர் போல மினுங்கிய அதன் நடுவே அவள் பெயர் மட்டும் அசையாமல் நின்றது. விழித்த பிறகும் அந்த மினுக்கம் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த மயக்கத்திலேயே கைக் கிரைண்டரை எடுத்து, சக்கரத்தின் பரப்பில் ஓரிடத்தில் 'ர' என்று வெட்டிவிட்டாள். சமன் பார்த்த சக்கரத்தை யாராவது தொட்டால் சண்டைக்குப் போகிறவள்தான் அவள்.

மறுநாள் காலை சில்வண்டை எடை போட்டார்கள். போட்டி அனுமதிக்கும் ஒன்றரைக் கிலோ மிகச் சரியாக இருந்தது. அதற்கு மேல் ஒரு கடுகுகூடக் கூட்ட முடியாது. பிறகு ஓடவிட்டார்கள். ரீங்காரம் ஏறியது, ஏறி, திடீரென்று உடைந்தது. ரோபோ மேசைமேல் தடதடவென்று ஆடியது.

"உன் கணக்குல எங்கியோ தப்பு," என்றாள் நஸ்ரின்.

"நீ மோட்டாரச் சரியா முடுக்கல," என்றான் இன்பராஜ்.

ரேணுகா வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவளால் முடியவில்லை.

"சண்டை வேண்டாங்கண்ணு. நாந்தான். இந்த எழுத்து... ஒரு கிராம் எடுத்திருக்கேன்."

இருவரும் 'ர'வைப் பார்த்தார்கள். கோபம் வரும் என்று பயந்தாள்; வரவில்லை. அதுவே அவளை அதிகம் சுட்டது.

வெட்டியதை வெல்டிங் வைத்து அடைத்தால் எஃகின் பதம் போய்விடும். அதே பக்கத்தில் வேறு கனம் சேர்க்கவும் எடை வரம்பு விடாது. "நேர் எதிர்ல ஒரு குழி போட்டு ஒரு கிராம் எடுத்தர்றேன், சரியாப் போயிரும்," என்றாள்.

"உங்களுக்கு எழுத்து, எங்களுக்கு வெறும் குழியாக்கா?" என்றாள் நஸ்ரின்.

அங்கே பிடித்தது வினை. நேர் எதிரே தன் 'இ'தான் வேண்டும், வரைந்தவன் தான் என்றான் இன்பராஜ். தோற்றால் ஊர் சிரிப்பது தன்னைப் பார்த்து, ஆகவே 'ந'தான் என்றாள் நஸ்ரின். இரண்டையும் அங்கேயே வெட்டினால் இரண்டு கிராம் போய், சக்கரம் மறுபடி ஆடும். ஆளுக்கு அரைக் கிராம் என்று ரேணுகா பேரம் பேசிப் பார்த்தாள். "உங்களுக்கு ஒரு கிராம்னா எனக்கும் ஒரு கிராம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். எழுத்து இல்லையென்றால் அவன் வரமாட்டானாம்; இவள் ரிமோட்டைத் தொடமாட்டாளாம்.

மணி இரண்டு. நான்குக்குள் போட்டி அரங்கில் இருந்தாக வேண்டும். இந்தச் சக்கரமும் யாரும் பாராமலே போய்விடுமோ என்று ரேணுகாவுக்குப் பயம் வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து கிரைண்டரை எடுத்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அவள் யார் எழுத்தை, எங்கே வெட்டினால் சரி?

விடை: இருவர் எழுத்தையும், ஆனால் நேர் எதிரே வெட்டக் கூடாது. அந்த மின்விசிறியில் ஓர் இறக்கைக்கு நேர் எதிரே இன்னோர் இறக்கை இல்லை. இருந்தும் அது ஆடுவதில்லை. ரேணுகா தன் எழுத்திருந்த அதே வட்டத்தை மூன்று சம பங்காகப் பிரித்து, மற்ற இரண்டு இடங்களில் ஒன்றில் 'இ', ஒன்றில் 'ந' வெட்டினாள். 'இ'க்குச் சுழி அதிகம் என்பதால் ஆழத்தைக் குறைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சக்கரம் ஒரு கிராம் இளைத்ததா என்று தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். மாலையில் கூண்டுக்குள் சில்வண்டின் ரீங்காரம் ஏறியது, உடையவில்லை. ஆயிரம் பேர் இல்லை, நூறு பேர் இருந்திருப்பார்கள். சக்கரம் குளத்துத் தண்ணீராக மினுங்கியது. ரேணுகா தன் எழுத்தைத் தேடினாள். மூன்றில் ஒன்றும் தெரியவில்லை. சுழல்கிற சக்கரத்தில் எழுத்து எப்படித் தெரியும்! அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தான் செய்தது ஆடாமல் சுழல்வதை, ஊரோடு சேர்ந்து, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.