முதல் வரிசை

எச்.ஐ.வி.க்கு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கும் பவுனம்மாவுக்கு மேகவெட்டை என்கிற பால்வினை நோயும் வந்து சேர்ந்தது. அவள் செய்யும் தொழில் அப்படி. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தணிகாசலம் மூக்கைச் சுளித்தார்.

"ரூல்ஸ் தெரியாதா? உனக்கு ஒட்டவெச்சவனையும் கூட்டிட்டு வா. அப்புறந்தான் மருந்து."

வாடிக்கைக்காரனிடம் பேர் கேட்கிற வழக்கம் அவளுக்கு ஏது? "சரிங்கய்யா" என்று எழுந்தவள், எய்ட்ஸ் விழிப்புணர்வு விழா நடக்கும் பக்கத்து மண்டபத்தைப் பார்த்து நடந்தாள்.

"அங்கே எங்கே போறே?"

"கூட்டியாரத்தான். முதல் வரிசையில இருப்பாருங்க. பேரு தெரியாது, மூஞ்சியக் காட்டிடுவேன்."

டாக்டருக்கு வியர்த்துவிட்டது. உடனே ஊசி போட்டார். "அவருக்கும் குடும்மா" என்று இரண்டு பங்கு மாத்திரையும் கட்டிக் கொடுத்தார்.

போகிற போக்கில் பவுனம்மா மண்டபத்தை எட்டிப் பார்த்தாள். முதல் வரிசை முழுக்க நர்சிங் படிக்கும் பெண்பிள்ளைகள். பெரியமனுஷன் ஒருத்தனும் இன்னும் வந்தபாடில்லை. டாக்டருக்குத்தான் எட்டிப் பார்க்கத் தைரியமில்லை.