கொசுவலைக்குள் பூசணி

பூசணிப் பிஞ்சுகள் ஏன் அழுகுகின்றன என்று கேட்பதற்காகத் தாணுமாலயன் தம் குருவின் அறை வாசலில் வந்து நின்றார். ஆனால் அவர் சொல்ல வேண்டியது வேறொன்று.

குரு நிறைமதி அடிகள் அவரைவிட வயதில் இளையவர். மடத்துக் காரியமாக வெளியூர் சென்றிருந்தவர் அன்று மாலைதான் திரும்பியிருந்தார்.

"உள்ளே வாருங்கள். கொடி நலமா?"

"கொடிக்கு ஒரு குறையும் இல்ல சாமி. பிஞ்சுதான் தங்க மாட்டேங்குது. பூத்த மறுநாளே மஞ்சளடிச்சுப் போயிருது."

"விடியட்டும். பார்ப்போம்" என்றார் குரு. பிறகு, "சமையற்கட்டில் வள்ளிநாயகம் வலக்கையைத் துண்டுக்குள் மூடியே வைத்திருக்கிறாரே, காயமா?" என்று கேட்டார்.

"காயம் ஒண்ணும் இல்ல சாமி" என்று சொல்லிவிட்டுத் தாணுமாலயன் தரையைப் பார்த்தார்.

தாணுமாலயன் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி மறைந்தபின் மடத்துக்கு வந்தவர். வாழ்நாளில் ஒரு செடிக்கும் நீர் வார்த்தறியாதவர். மடத்துச் சமையற்கட்டின் பின்புறம் வேடிக்கையாக ஊன்றிய பூசணி விதை முளைத்துக் கொடியோடிய பிறகு, அவர் ஆளே மாறிப்போனார். விடிந்ததும் முதலில் இறைவனைக் கும்பிடுகிறாரா, கொடியைக் கும்பிடுகிறாரா என்று மற்ற சீடர்கள் கேலி பேசினார்கள். அந்தக் கேலியும் அவருக்கு இனித்தது.

முதற்பிஞ்சைக் கண்டவர் வள்ளிநாயகம். மடத்துச் சமையலைக் கவனித்துவந்த சீடர், வாய் ஓயாதவர்.

"அண்ணாச்சி, ஓடி வாரும். உம்ம மக வயசுக்கு வந்துட்டா. அந்தா, இலைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு நிக்கா பாரும்" என்று கூவிச் சுட்டுவிரலை நீட்டிவிட்டார்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டலாகாது, காட்டினால் அழுகிவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. காட்டியே தீர வேண்டுமானால் விரலை மடக்கிக்கொண்டு காட்டுவார்கள். மகிழ்ச்சியில் வள்ளிநாயகம் மடக்க மறந்துபோனார்.

அன்றிரவு பெருமழை பெய்தது. பிஞ்சு அழுகிற்று. தாணுமாலயன் மழையை நினைக்கவில்லை, விரலை நினைத்தார். மறுநாளே பழைய கொசுவலை ஒன்றைத் தேடியெடுத்து, பாத்தியின் நான்கு மூலையிலும் கம்பு நட்டுக் கட்டி, ஓரங்களுக்குக் கல் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, பூசணிக்கும் கொசு கடிக்கா?" என்றார் வள்ளிநாயகம்.

தாணுமாலயன் இன்னொரு கல்லைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்.

வலைக்குள்ளும் பிஞ்சுகள் தங்கவில்லை. ஒவ்வொன்றாகப் பழுத்துச் சுருங்கி விழுந்தன. ஒரு நண்பகல், அனைவரும் பந்தியில் அமர்ந்திருக்க, சாம்பார் வாளியோடு வந்த வள்ளிநாயகம், "இன்னைக்கும் ஒண்ணு போச்சா அண்ணாச்சி?" என்று பரிவோடுதான் கேட்டார்.

"போகாம என்ன செய்யும்? உம்ம விரலு பட்டா எதுதான் தங்கும்? உம்ம வீட்டுத் தொட்டில்லயே ஒண்ணும் தங்கலையே ஓய்."

பிறந்த இரண்டு மக்களையும் பால் மணம் மாறுமுன் பறிகொடுத்தவர் வள்ளிநாயகம். அதை அவர் ஒரே ஒருவரிடம்தான் மனம் திறந்து சொல்லியிருந்தார். அந்த ஒருவர் தாணுமாலயன்.

வள்ளிநாயகம் வாளியைக் கீழே வைக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. வரிசை முடியும்வரை ஒருவரையும் விடாமல் பரிமாறிவிட்டு உள்ளே போனார்.

அன்று முதல் அவருடைய வலக்கை மேல்துண்டுக்குள் மறைந்துகொண்டது. பரிமாறும்போது மட்டுமே வெளிவரும். அப்போதும் விரல்களை மடக்கியே கரண்டியைப் பிடித்திருப்பார். உப்பு எங்கே என்று எவரேனும் கேட்டால் முகவாயால் காட்டினார். தாணுமாலயனின் இலைக்கு நேரே வரும்போது அந்த விரல்கள் இன்னும் இறுக மடங்கும். அதைக் காணக் கூசி, அவர் இரண்டாம் முறை சோறு கேட்பதையே விட்டுவிட்டார்.

குரு ஊர் திரும்பிய மறுநாள் பொழுது புலர்ந்ததும் அவரும் தாணுமாலயனும் பாத்தியருகே சென்றனர். வலைக்குள் பூக்கள் பொன்னாக விரிந்திருந்தன. ஒரு பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் புதுப்பிஞ்சு ஒன்று இருந்தது.

"இந்த வலை எதற்கு?" என்றார் குரு.

"காவலுக்கு சாமி."

"யாரிடமிருந்து?"

தாணுமாலயன் குனிந்து ஓரத்துக் கல் ஒன்றைச் சரிசெய்தார்.

"சரி. உட்காருங்கள்."

இருவரும் ஈரத்தரையில் அமர்ந்தார்கள். வெயில் மெல்ல ஏறியது. அப்போது ஒரு தேனீ வந்து வலையில் முட்டியது. விலகிப் பறந்து, மறுபக்கம் வந்து மீண்டும் முட்டியது. வலைமேல் சிறிது தூரம் ஊர்ந்து வழி தேடியது. பிறகு வேலிக்கு அப்பால் போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதுவும் அவ்வாறே போயிற்று.

ஆண்பூவின் மகரந்தத்தைத் தேனீ சுமந்துவந்து பெண்பூவில் சேர்க்காவிடில் காய் இல்லை என்று எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் படம் வரைந்து பாடம் நடத்தியவர் தாணுமாலயன். படத்தில் அந்தத் தேனீக்கு மஞ்சள் சுண்ணக்கட்டியால் வண்ணம்கூடத் தீட்டியிருக்கிறார்.

அவர் முகம் வெளிறியது. எழுந்து ஓரத்துக் கற்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"சாமி, நான் வள்ளிநாயகத்தைப் பந்தியில வச்சு ஒரு சொல்லு சொல்லிட்டேன்."

"என்ன சொல்?"

"அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரல."

குரு வற்புறுத்தவில்லை.

தாணுமாலயன் கம்புகளிலிருந்து வலையை அவிழ்த்துச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டச் சுருட்ட அவர் குரலில் சிறிது தெம்பு வந்தது.

"இப்பமே போயி அவரைக் கூட்டிட்டு வாரேன் சாமி. இந்தத் தேனீயைக் கண்ணால பாக்கட்டும். தப்பு என் வலை மேலதான், உம்ம விரல் மேல இல்லேன்னு எல்லாரும் கேட்க அவர்கிட்டச் சொல்லிருதேன். மன்னிப்பும் கேட்டுருதேன். எல்லாம் சரியாயிரும்."

சொல்லிவிட்டு, பாதி சுருட்டிய வலையைக் கையில் பிடித்தபடியே சமையற்கட்டை நோக்கி விரைந்து நடந்தார்.

"தாணுமாலயரே" என்று அழைத்தார் குரு.

அவர் நின்று திரும்பினார்.

"பிஞ்சுகள் அவர் விரலால்தான் அழுகின என்று இன்று தெரிந்திருந்தால், அவரிடம் என்ன சொல்லப் போயிருப்பீர்கள்?"

தாணுமாலயன் பாதி சுருட்டிய வலையைத் தரையில் வைத்தார். தொட்டிலைப் பற்றி அவர் சொன்னதற்கு எந்தத் தேனீயும் பதிலாகாது.