கரண்ட் இல்லாமல் ஓடும் மோட்டார்

மாதாந்திரப் பராமரிப்பு என்று சொல்லி மாசத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால், சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திருப்பித் தருவார்கள். அன்றைக்குக் கோவில்பட்டி பஜாரில் மாவு மில் ஓடாது. ஜெராக்ஸ் எடுக்க முடியாது. ஜூஸ் கடைக்காரர் சாத்துக்குடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவர்களுக்கெல்லாம் அது லீவு நாள். செண்பகவல்லிக்கு மட்டும் அன்றைக்குத்தான் இடுப்பு ஒடியும். அவள் வைத்திருந்தது கலர் மீன் கடை.

தொட்டிக்குள் காற்றை விடுகிற மோட்டார் நின்றுபோனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்போது மக்கில் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, அதே தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். விழுகிற தண்ணீர் கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். ஒரு தொட்டி என்றால் பரவாயில்லை, அவளிடம் பதினொன்று. பெரிய மீன்கள் கொஞ்சம் தாங்கும். மூலைத் தொட்டியில் இருந்த அறுபது கோல்டு பிஷ் குஞ்சுகள் தாங்காது.

அந்தக் குஞ்சுகள் சென்னையிலிருந்து கவரில் கட்டி வந்தவை இல்லை. அவளே முட்டையிலிருந்து பொரிக்க வைத்தவை. முதல் ஈடு செத்தது அவள் தப்பு. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து மருந்து வாடை போன பிறகுதான் ஊற்ற வேண்டும், அவள் பிடித்த கையோடு ஊற்றிவிட்டாள். இரண்டாம் ஈடு செத்தது அவள் புருஷனின் அண்ணன் தளவாய் புண்ணியத்தில். பில்டர் பஞ்சு அழுக்காக இருக்கிறதே என்று பாத்திரம் துலக்குகிற பவுடரைப் போட்டுப் பளிச்சென்று கழுவி வைத்தார். இது மூன்றாம் ஈடு. இதுவும் போனால் கடையை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும், மஸ்கட்டில் மீன் தொட்டிக்குள்ளேயே வாழ்ந்த ஆள் என்று புருஷன் வேல்ச்சாமி ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார் ஒன்று கடையில் இருக்கத்தான் செய்தது. தளவாய் அத்தான் ரிப்பேர் பார்க்கிறேன் என்று அதைப் பிரித்தார். திருப்பி மாட்டியதில் மூன்று திருகாணி மிச்சம். அதிலிருந்து அது 'கொர்' என்று சத்தம் போடும், காற்று வராது.

இந்த மாசம் கரண்ட் போன அன்றைக்கும் பத்து மணிக்கெல்லாம் அத்தான் வந்துவிட்டார். கடையில் இருக்கிற ஒரே ஸ்டூலை மூலைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஜெராக்ஸ் கடை சகாயமேரி அக்கா சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு மக்கை எடுத்துக்கொண்டு பெரிய மீன் தொட்டிகளுக்கு ஊற்ற வந்தாள். ஜூஸ் கடைக்காரர் வாசலில் சாய்ந்துகொண்டார். இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், ஒருத்தர் கேட்கிறார் என்றால் தளவாய்க்கு அது போதும்.

இதெல்லாம் ஒரு தொட்டியா என்றுதான் ஆரம்பித்தார். மஸ்கட்டில் அவர் முதலாளி வீட்டுத் தொட்டிக் கண்ணாடியில் பாசியே பிடிக்காதாம். பாசி வந்து ஒட்டப் பார்த்தால் கண்ணாடி உதறிவிடுமாம், மாடு ஈயை உதறுகிற மாதிரி. அப்படி ஒரு சுத்தம். சுத்தம் எந்த அளவுக்கென்றால், கண்ணாடி இருப்பதே தெரியாமல் மீன்கள் நேரே நீந்தி ஹாலுக்கு வந்துவிடுமாம். சோபாவுக்கு அடியிலிருந்து தளவாய்தான் அவற்றை விசிலடித்துத் திருப்பி அனுப்புவாராம்.

"கண்ணாடியத் தாண்டி எப்படிண்ணே வரும்?" என்று ஜூஸ் கடைக்காரர் கேட்டார்.

"அதுக்குத்தான் தெரியலையே, கண்ணாடி இருக்குன்னு," என்றார் தளவாய்.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் கை நின்றுவிடும். கை நின்றால் குஞ்சுகள் மேலே வந்துவிடும். "அத்தான், காலைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க," என்று மட்டும் சொல்லி அவர் முழங்காலைத் தாண்டிப் போய் ஊற்றினாள்.

காலை மடக்கியவர் வாயை மடக்கவில்லை. தீனி போடுகிற மிஷினுக்கு வந்தார். இங்கே மாதிரி ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டுவிட்டுப் போகிற கதை அங்கே கிடையாதாம். மிஷின் ஒவ்வொரு மீனையும் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். ஒரு குண்டு மீன் இரண்டாவது தடவை வரிசையில் வந்து நின்றால், இப்போதுதானே சாப்பிட்டாய், போய் நாலு சுற்று சுற்றிவிட்டு வா என்று விரட்டுமாம். சர்க்கரை வியாதி மீனுக்குத் தனிச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற மீனுக்கு அன்றைக்குத் தட்டே வைக்காதாம்.

தன் கொழுந்தனாரும் மஸ்கட்டில்தான் இருந்தார் என்றும், அங்கே தளவாய் ஈச்சம்பழம் பாக்கெட் கட்டியதைத்தான் பார்த்ததாகச் சொன்னார் என்றும் சகாயமேரி எடுத்து விட்டாள். தளவாய் அசரவில்லை. அந்த ஈச்சம்பழமே மீனுக்காகக் கட்டியதுதானாம். கொட்டை எடுத்து.

பன்னிரண்டு மணிக்கு லாரி ஷெட்டிலிருந்து வேல்ச்சாமி வந்தான். வந்தவன் மக்கை எடுக்கவில்லை. அண்ணன் பேசுகிறாரே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செண்பகவல்லிக்கு அதுதான் வலித்தது. தோள்பட்டை வலிகூட அப்புறம்தான்.

தம்பியைப் பார்த்ததும் தளவாய் ஒரு சுற்று பெருத்துப்போனார். மீன் பேசுவதைத் தமிழில் மாற்றிச் சொல்கிற மிஷினை எடுத்தார். தொட்டி ஓரத்தில் ஒட்டிவிட்டால் போதும். தண்ணீர் கொஞ்சம் சூடு, பக்கத்து மீன் வாலைக் கடிக்கிறான், நேற்றுப் போட்ட தீனி ஊசிப்போனது என்று வரிசையாகச் சொல்லிவிடுமாம். வைத்தியருக்கு வேலையே இல்லை. ஆனால் மூன்றாம் நாளே முதலாளி அதைக் கழற்றச் சொல்லிவிட்டாராம். மீன்கள் ஹாலையே பார்த்துக்கொண்டிருக்கிற ஜாதி அல்லவா, அவர் யாரிடம் போனில் என்ன பேசினார் என்று அவர் சம்சாரத்திடம் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டனவாம்.

"இந்தக் குஞ்சுங்க இப்ப என்ன சொல்லுதாம்?" என்று சகாயமேரி கேட்டாள்.

தளவாய் தொட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எல்லாம் சௌக்கியமாக இருக்கிறதாம்.

சௌக்கியமாக இல்லை. மணி மூன்று. வெயில் ஏறித் தண்ணீர் சுட ஆரம்பித்திருந்தது. அறுபது குஞ்சும் மேலே வந்து, அரிசி களையும்போது மிதக்கிற உமி மாதிரி ஒரே பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. இரண்டு ஒருக்களித்துச் சாய்ந்தன. செண்பகவல்லி வலது கையிலிருந்து இடது கைக்கு மக்கை மாற்றினாள். இடது கை பழகாத கை. தண்ணீர் பாதி தரையில் போனது.

வேல்ச்சாமி முதல் தடவையாகக் குனிந்து பார்த்தான். "அண்ணே, குஞ்சு சாயுதே," என்றான்.

கவலையே படாதே என்றார் தளவாய். கரண்டே வேண்டாத தொட்டி ஒன்றை அவரே மஸ்கட்டில் கட்டினாராம். மீன்கள் நீந்துகிற வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் கரண்ட் வரும். முதலில் தொட்டி மோட்டார் ஓடியது. அப்புறம் வீட்டு ஏசி. அப்புறம் அந்தத் தெரு முழுக்க விளக்கு. ரம்ஜான் சமயத்தில் மீன்கள் கொஞ்சம் உற்சாகமாக நீந்திவிட, பக்கத்து நாட்டுக்கே கம்பி இழுத்துக் கொடுத்தார்களாம். அந்தச் சக்கரத்தில் ஒன்று இப்போதும் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

"போய் எடுத்துட்டு வாங்க," என்றான் வேல்ச்சாமி.

பெட்டிச் சாவி அவர் சம்சாரத்திடம் இருக்கிறதாம். சம்சாரம் சாத்தூருக்குப் போயிருக்கிறாளாம்.

"பூட்டை உடைச்சிருவோம்ணே. பைக் நிக்குது."

இத்தனை வருஷத்தில் தம்பி அவரை மறுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. தளவாய் தொண்டையைக் கனைத்தார். வாசலில் ஜூஸ் கடைக்காரர், உள்ளே சகாயமேரி, எதிரே தம்பி, எல்லாரும் பார்க்கிறார்கள். பின்வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை, முன்னால்தான் தாவினார். சக்கரமெல்லாம் எதற்கு என்றார்.

"ஒரு நாள் மஸ்கட் பூராவும் கரண்ட் போச்சு. எட்டாயிரம் லிட்டர் தொட்டி. முதலாளி தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. நான் டியூப வாயில வச்சேன். வெள்ளிக்கிழமை காலையில ஊத ஆரம்பிச்சவன், ஞாயித்துக்கிழமைதான் நிப்பாட்டினேன். நடுவுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. தொட்டியில அலை அடிச்சு நாலு மீனுக்கு வாந்தி. மேல போன பிளேன் ஒண்ணு லேசா ஆடுச்சுன்னா பாத்துக்கோ."

ஜூஸ் கடைக்காரர் வாசலுக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார்.

செண்பகவல்லி மக்கைக் கீழே வைத்தாள். நின்றுபோன மோட்டாரிலிருந்து மூலைத் தொட்டி டியூபை உருவினாள். முனையை முந்தானையில் நன்றாகத் துடைத்தாள். மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இது நூறு லிட்டர்தான் அத்தான். மணி மூணரை. அஞ்சு மணி வரைக்கும் போதும்."

தளவாய் தம்பியைப் பார்த்தார். பல்வலி என்று ஆரம்பித்தார். வேல்ச்சாமி ஸ்டூலைத் தொட்டிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டான். அண்ணன் ஸ்டூலோடு சேர்ந்து வந்தார். "ஊதுங்கண்ணே," என்றான்.

ஊதினார். முதலில் ஒன்றும் வரவில்லை. கன்னம் பூரி மாதிரி உப்பியது. பிறகு தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு குமிழி வந்தது, பின்னால் இரண்டு, பின்னால் சரம் சரமாக. மேலே தண்ணீர் கொதிக்கிற மாதிரி அசைந்தது. நிறுத்தினால் சகாயமேரி, "பிளேன் இன்னும் ஆடலையே," என்றாள். அவர் மறுபடியும் ஊதினார். பேச நினைத்தால் ஊத முடியாது, ஊதாவிட்டால் மஸ்கட் பொய்யாகிவிடும்.

வேல்ச்சாமி கீழே கிடந்த மக்கை எடுத்தான். மற்ற தொட்டிகளுக்கு அவனே ஊற்றினான். நாலரை மணிக்குச் சாய்ந்திருந்த குஞ்சுகளில் ஒன்று நிமிர்ந்தது. இன்னொன்று நிமிரவில்லை. மீதி ஐம்பத்தொன்பதும் மெதுவாகக் கீழே இறங்கி, வால் ஆட்டி, தரையைக் கொத்த ஆரம்பித்தன. செண்பகவல்லி ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினாள்.

"கடை உன்கிட்டயே இருக்கட்டும்," என்றான் வேல்ச்சாமி, மக்கைப் பார்த்துக்கொண்டே. "கரண்ட் போற அன்னிக்கு மட்டும் அண்ணன் வரட்டும்."

தளவாய் ஏதோ மறுத்துச் சொல்லப் பார்த்தார். தொட்டியில் நாலு பெரிய குமிழிதான் வந்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மீன் தீனி வாங்க ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் வந்தார். ஊரே கரண்ட் இல்லாமல் கிடக்க இந்தத் தொட்டியில் மட்டும் குமிழி வருகிறதே என்று பார்த்தார். டியூப் போன வழியே கண்ணை நகர்த்தி, அது போய் முடிகிற இடம் வரைக்கும் வந்தார். தளவாய் வணக்கம் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"நல்ல மோட்டாரா இருக்கேம்மா. கரண்ட் வேண்டாம், சத்தமும் இல்ல. நம்ம வீட்டுக்கு இப்படி ஒண்ணு கிடைக்குமா?"

"வேண்டாம் சார், கரண்ட் வந்ததும் பேச ஆரம்பிச்சிரும்," என்றாள் செண்பகவல்லி.