பத்தாவது சிவப்புச் சீட்டு

கோயமுத்தூர் இரும்புப் பட்டறை மேனேஜர் ஜெகதீசனுக்குத் திடீரென்று சுத்தப் பைத்தியம் பிடித்தது.

“ஒரு மாசமா யாரும் தொடாத பொருள் பத்துல இந்தச் சிவப்புச் சீட்டை ஒட்டு, தூக்கிப் போட்டுடலாம். பன்னெண்டு மணிக்கு முதலாளி பார்க்க வர்றார், அதுக்குள்ள ஒண்ணு குறைஞ்சாலும் உனக்கு வேலை போச்சு!” என்று கூட்டிப் பெருக்கும் மயிலாத்தாளை மிரட்டினார்.

மயிலாத்தாள் மூலைமுடுக்கெல்லாம் பறந்தாள். ஒன்பது கிடைத்துவிட்டது. பன்னிரண்டுக்கு இரண்டே நிமிடம்! முதலாளியும் வந்து மேனேஜர் அறையில் உட்கார்ந்துவிட்டார். ஒரே ஓட்டமாக மேனேஜர் அறைக்குள் புகுந்து, ஆணியில் தொங்கிய அவருடைய பாதுகாப்பு ஹெல்மெட்டில் பத்தாவதை ஒட்டினாள்.

“ஏய்! அதைத் தினமும் போட்டுக்கிட்டுத்தான் பட்டறைக்குள்ள வர்றேன்!” என்று குதித்தார் மேனேஜர்.

மயிலாத்தாள் ஹெல்மெட்டைப் பூப்போல இறக்கி முதலாளியிடம் காட்டினாள். உள்ளே இரண்டு பல்லி முட்டை.

“அப்படீங்களா சார்? அப்பப் பல்லி எந்நேரத்துலீங்க வந்து முட்டை போட்டுச்சு?”