போயிட்டு வரேன், தளபதி!

நான் சொல்வது தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. விண்கலம், கிரகம் எல்லாம் எனக்குக் குழம்பும். ஆனாலும் நேற்று டிவி தொடரில் நன்மாறன் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நன்மாறன் போர் விண்கலம் ஓட்டுகிற போக்கிரி. ரேடியோவில் தளபதி மார்த்தாண்டரின் குரலில் பேசிக் கிண்டல் செய்தான். அந்தக் கோபத்தில் தளபதி, "எதிரியோட கோட்டை மேல உன் கலத்தோட போய் மோது" என்று உத்தரவு போட்டார். மோதினால் சாவுதான்.

வீரர்கள் எல்லோரும் பார்க்க, நன்மாறன் கும்பிட்டான். "போயிட்டு வரேன் ஐயா."

"ம், போயிட்டு வா" என்றார் தளபதி, வாய்ப் பழக்கத்தில்.

கலம் சீறிக் கிளம்பியது. இரண்டு பக்கமும் நெருப்புக் குண்டுகள்! கோட்டையைத் தொடுகிற தூரத்தில் சடாரென்று திரும்பி, வந்து இறங்கிவிட்டான்.

"மோதச் சொன்னா திரும்பி வந்து நிக்கிறியேடா!"

"மோதியிருந்தா எப்படி ஐயா வர்றது? நீங்கதானே 'போயிட்டு வா'ன்னீங்க? வேணும்னா இப்ப 'போ'ன்னு மட்டும் சொல்லுங்க."

கிளம்புகிறவனிடம் அத்தனை பேர் முன்னால் 'போ' என்று மட்டும் சொல்லத் தளபதிக்கு நா எழவில்லை. வீரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அவனைக் கொன்றுவிட்டால் என் நெஞ்சு தாங்காது. அந்த இடத்திலேயே டிவியை அணைத்து, ரிமோட்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன்.