எடை இறக்கும் டீ

"கையெழுத்து போடட்டுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க கோச்."

ஜெபராணி கோச் எடை தூக்கும் கம்பியில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேமாவதி நின்றுகொண்டே இருந்தாள். ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கியவள். வேலூருக்கு வெளியே எங்கே போனாலும் அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். இந்தத் தகர ஷெட்டில் மட்டும் கோச் வேலையை முடிக்கும் வரை நிற்க வேண்டும். கோச்சுக்கும் அவளுக்கும் அப்படி ஒன்றும் பெரிய வயசு வித்தியாசம் இல்லை. ஒரு காலத்தில் ரெண்டு பேரும் ஒரே கம்பியைத்தான் தூக்கினார்கள். ஒருத்திக்குத் தோள் கழன்றது. அவள் கோச் ஆகிவிட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். கம்பெனிக்காரன் போன் மேல போன் போட்றான்."

"எந்தக் கம்பெனி?"

"தெரியாத மாதிரி கேட்காதீங்க கோச். பசுங்கொடி டீ."

எடை குறைக்கிற அந்த டீயைத் தெரியாதவர் ஊரில் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே பெரிய பேனர். ஹேமாவதி ஒரு கையால் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கி நிற்பாள். இன்னொரு கையில் டீ கப். ஒரு கையால் அந்த எடையை எவளாலும் தூக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஒட்டியது. கீழே பச்சை எழுத்தில், 'என் எடையின் ரகசியம்' என்று இருக்கும்.

"ரயில்வே சம்பளம் வருதில்ல?" என்றாள் கோச்.

"வருது. முட்டை, கறி, முட்டிக்கு வைத்தியம். அதுக்கே பத்தல."

"மெடல் வாங்கினப்ப ஆளாளுக்கு அள்ளித் தரேன்னாங்களே."

"மேடையில வீடு தரேன்னான் ஒருத்தன். கார் தரேன்னான் ஒருத்தன். வந்தது சால்வை."

"நெறைய வந்திருக்குமே."

"ஒரு பீரோ. வேணும்னா நீங்க பாதி எடுத்துக்கோங்க."

கோச் சிரிக்கவில்லை.

"பெல்ட் விக்குதாமே, உன் பேரு போட்டு."

"விக்குது. விக்கிறவன் தின்னது போக மிச்சம் எனக்கு. டீ ஒண்ணுதான் கோச் ஒழுங்கா காசு தருது. இந்த முட்டி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் பேனர்ல வேற பொண்ணு நிப்பா. அதுக்குள்ள வீட்டை முடிக்கணும். எங்கப்பா தினம் போய் கூரை இல்லாத ஹால்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கினு இருக்காரு."

"அப்ப போட்டுடு. இதுல என்னை இன்னாத்துக்குக் கேட்குற?"

ஹேமாவதி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஒரு ஷரத்து கீது. நான் இதைக் குடிக்கிறதில்லன்னு எங்கேயும், யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். சொன்னா போன வருஷம் குடுத்ததையும் திருப்பி வாங்கிப்பானாம்."

"குடிக்கிறியா?"

"படம் எடுக்கிற அன்னிக்கு வாயில வெச்சேன். கசப்பு. துப்பிட்டேன்."

கோச் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கம்பியைத் தாங்கியில் மாட்டினாள். கையைப் பேண்டில் துடைத்தாள்.

"என்கிட்ட கேட்காத."

"வேற யார்கிட்ட கேட்கச் சொல்றீங்க?"

"வண்டியை எடு."

பின்னால் உட்கார்ந்த பிறகுதான், "அரசு ஆஸ்பத்திரி," என்றாள் கோச்.

"அங்க யாரு?"

"சங்கவி."

ஹேமாவதிக்கு முகம் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அப்புறம் வந்தது. ஷெட்டுக்குப் புதிதாக வந்த பொண்ணு. பதினாறு வயசு இருக்கும். ஆளைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். போன வாரம் மாவட்டப் போட்டியில் எடை பார்த்துவிட்டு வெளியே வந்ததும் மயங்கி விழுந்ததாக யாரோ சொன்னார்கள்.

"இன்னுமா டிஸ்சார்ஜ் பண்ணல? எடை குறைக்கிறப்ப மயங்குறது புதுசா கோச்? நாம மயங்கலையா?"

கோச் பேசவில்லை.

கோச் பேசாமல் இருந்தால், அவளுக்குப் பதில் தெரியும், நாமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறாள் என்று அர்த்தம். ஹேமாவதி இத்தனை வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

வார்டில் நுழைந்ததும், "ஏய், டீ விளம்பரத்துல வர்ற பொண்ணுடி!" என்று ஒரு குரல் கேட்டது. பழக்க தோஷத்தில் ஹேமாவதியின் முகம் தானாகச் சிரித்துவிட்டது. பேனரில் இருக்கிற அதே சிரிப்பு.

கட்டிலைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

சங்கவியின் முகம் ஊதிக் கிடந்தது. கையும் காலும் குச்சி மாதிரி இருக்க, முகத்துக்கு மட்டும் யாரோ காற்று அடித்துவிட்ட மாதிரி இருந்தது. கழுத்தில் ஒரு குழாய் சொருகி பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள்.

"அக்கா!"

அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவள் அம்மா எழுந்து ஓடிவந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. அந்த இடத்தில் இருந்த ஒரே ஸ்டூலை முந்தானையால் துடைத்து ஹேமாவதிக்குப் போட்டாள்.

"உட்காரும்மா. நீ வந்ததே போதும்மா. பாரு சங்கவி, யாரு வந்துக்கிறா பாரு."

கோச் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் ஹேமாவதி.

"கிட்னி வேலை செய்யலைங்கிறாங்க. ஒண்ணுக்கு வரல. மெஷின்ல போட்டு எடுக்கிறாங்க." கட்டில் ஓரத்தில் இருந்த சின்ன எவர்சில்வர் டம்ளரைக் காட்டினாள். "இதுல பாதி தண்ணிதான் ராத்திரி வரைக்கும். அழுது, கெஞ்சுது. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அம்மா, சும்மா இரும்மா." சங்கவி தலையணையில் ஏறி உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. "அக்கா, நான் எடைக்கு வந்துட்டேன். தெரியுமா? நாற்பத்தஞ்சு கிலோவுக்குள்ள. கோச்தான் சொன்னாங்க, நாற்பத்தஞ்சுல இறங்கினா மெடல் நமக்குதான், எப்படியாவது குறைச்சுக்கினு வான்னு. குறைச்சிட்டேன்கா. மேடையேறத்தான் முடியல."

கோச் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சங்கவி தலைமாட்டில் கையை விட்டு ஒரு பெல்ட்டை இழுத்தாள். ரோஸ் கலர். நடுவில் 'ஹேமா' என்று வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து.

"சீட்டு எடுத்து வாங்கித் தந்தேம்மா," என்றாள் அம்மா. "இங்க வந்தும் அதைத் தலைக்கு வெச்சிக்கினுதான் தூங்குது. இது உன் கையெழுத்துதானே?"

ஹேமாவதி அதைப் பார்த்தாள். அவள் 'ஹே' அப்படி எழுதுவதே இல்லை.

"ஆமாம்மா."

"கேட்டியாடி? நெஜக் கையெழுத்துதான்." அம்மாவுக்கு அதில் ஒரு திருப்தி. உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீயே இதுக்குப் புத்தி சொல்லும்மா. டப்பாவுல ரெண்டு வேளைன்னு போட்டுக்கீது. இது அஞ்சு வேளை, ஆறு வேளைன்னு குடிச்சிருக்கு. வயித்தால போய்ப் போய்ச் சுருண்டு கிடந்துச்சு. ஏண்டின்னா, எடை இறங்குதும்மான்னு சிரிக்குது."

"எந்த டப்பா?"

கேட்டபோதே ஹேமாவதிக்குத் தெரிந்துவிட்டது.

"உன் டீதாம்மா. டாக்டரு அந்த டீதான் காரணம்னு திட்றாரு. நான் சண்டை போட்டேன். அப்படி இருக்காது சார், எங்க ஹேமா அதைத்தானே குடிக்குது, அது ஆசியாவுலயே தூக்குதேன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் பேசாம போய்ட்டாரு."

ஹேமாவதி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். கோச்சின் முதுகுதான் தெரிந்தது.

"என் தப்புதாங்கா," என்றாள் சங்கவி. "அவசரப்பட்டுட்டேன். வீட்டுக்குப் போனதும் கரெக்டா குடிக்கிறேன். நீங்க சொல்லுங்க. நீங்க எத்தனை வேளை குடிப்பீங்க?"

ஹேமாவதியின் கையில் போன் அதிர்ந்தது. கம்பெனிக்காரன். நின்றது. மறுபடி அதிர்ந்தது.

ரெண்டு வேளை என்று சொல்லலாம். அம்மா நிம்மதியாவாள். பொண்ணு நிம்மதியாவாள். கூரை போட்டுவிடலாம். இல்லை, இனிமேல் குடிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அதற்கு ஷரத்து ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பொண்ணு குடிக்கும். பேனரில் இருக்கிறவள் குடிக்கிறாளே என்று கட்டாயம் குடிக்கும்.

"சொல்லுங்கக்கா. எத்தனை வேளை?"

"ஒரு வேளையும் இல்ல."

"இன்னாக்கா?"

"நான் அதைக் குடிக்கிறதே இல்ல சங்கவி. எப்பவும் குடிச்சதில்ல. காசு குடுத்தாங்க, கையில கப்பை வெச்சிக்கினு நின்னேன்."

பக்கத்துக் கட்டில்காரி போனைத் தூக்கிப் பிடித்து இதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஹேமாவதி பார்த்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.

சங்கவியின் அம்மா கிட்டே வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று ஹேமாவதி நினைத்தாள். அடிக்கட்டும் என்று எழுந்து நின்றாள்.

அவள் அடிக்கவில்லை. ஹேமாவதி எழுந்த ஸ்டூலை எடுத்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சங்கவிக்கு மட்டும் கோபம் வரவில்லை. புருவத்தைச் சுருக்கி எதையோ யோசித்தாள். கணக்கு வராத பொண்ணு போர்டைப் பார்க்கிற மாதிரி.

"அப்ப எடையை எப்படிக்கா இறக்குனீங்க?"

ஹேமாவதி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பாதி உண்மை சொல்லியாயிற்று. அதோடு நிறுத்த வழி இல்லை.

"பட்டினிதான். கடைசி ரெண்டு நாள் சொட்டுத் தண்ணி கிடையாது. மழைக்கோட்டைப் போட்டுக்கினு வெயில்ல ஓடணும். சூயிங்கம் மென்னு, ஊறுற எச்சிலை பாட்டில்ல துப்பிக்கினே இருக்கணும்."

"எச்சில் துப்பினா குறையுமா?"

"குறையும்."

"அப்படித்தான் வெள்ளி வாங்கினீங்களா?"

"அப்படித்தான்."

"யாருக்கா சொல்லித் தந்தாங்க?"

ஹேமாவதி ஜன்னலைப் பார்க்கவில்லை. டம்ளரில் இருந்த பாதித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்," என்றாள் ஜெபராணி கோச்.

திரும்பியிருந்தாள். அவள் முகத்தை அப்படி ஹேமாவதி பார்த்ததே இல்லை.

"பாட்டிலைப் பிடிச்சிக்கினு கூடவே நின்னேன். எடை பார்த்துட்டு வெளிய வந்து இவ ரத்தமா வாந்தி எடுத்தா. அதுக்கப்புறம் இந்தப் பாவத்தை யாருக்கும் சொல்லித் தரக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். உன்கிட்ட குறைச்சுக்கினு வான்னு மட்டும் சொன்னேன். எப்படின்னு சொல்லல."

சங்கவி கோச்சையே பார்த்தாள். ஊதின கண்ணில் தண்ணீர் கட்டியது. குழாய் சொருகினபோதுகூட அந்தப் பொண்ணு அழவில்லை என்று நர்சுகள் பேசிக்கொண்டார்கள்.

"அக்காவுக்குன்னா சொல்லித் தந்தீங்க," என்றாள். "எனக்கு மட்டும் ஏன் கோச் சொல்லித் தரல?"