ஆடு படுக்காத பள்ளம்

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், ஆறு வளைந்து போகிற ஒரு சீமையில் நெடுஞ்செங்கோலன் என்று ஒரு ராஜா. செங்கோல்தான் நீளம், முழங்காலில் வலுவில்லை. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் மேடென்றாலே அவருக்கு ஆகாது.

அந்த ஊரில் வீடெல்லாம் மேட்டில், வயலெல்லாம் ஆற்றோரப் பள்ளத்தில். புதுசாக வீடு கட்டுவதென்றால் முதலில் ஆடுகளை அவிழ்த்துவிடுவார்கள். ஆடு ஈரத்தில் படுக்காது. அது படுக்கிற இடத்தில்தான் கடைக்கால் தோண்டுவார்கள்.

ராஜா சொன்னார்: "எல்லாரும் பள்ளத்துக்கு இறங்குங்கள். அங்கேதான் இனி அரண்மனையும் ஊரும். மேட்டில் நெல் போடுங்கள்."

ஆடு மேய்க்கிற காத்தாயி முன்னே வந்தாள். கைக்குழந்தைக்காரி. மேட்டுக் குடிசை ஒன்றுதான் அவளுக்கு இருந்தது.

"ஆட்டைக் கேட்காமலா, சாமி?" என்றாள் மெதுவாக.

"கேட்டால் போச்சு" என்றார் ராஜா.

முதல் நாள் ஆடுகளைப் பள்ளத்துக்கு ஓட்டினார்கள். அவை மேடேறிப் படுத்தன. இரண்டாம் நாள் தழை போட்டார்கள். தழையைத் தின்றுவிட்டு மேடேறிப் படுத்தன. மூன்றாம் நாள் கால்களைக் கட்டிக் கிடத்தினார்கள்.

"ஆடு படுத்தாச்சு, மகாராஜா" என்றார் பெரிய மந்திரி.

"நானும் பார்த்தேன்" என்றார் நடு மந்திரி.

"குறட்டைகூட விட்டது" என்றார் சின்ன மந்திரி.

ஊர் முழுக்கக் கீழே இறங்கியது. கடைசியில் ராஜாவின் சேவகர்கள் காத்தாயியிடம் வந்தார்கள், குடிசையைப் பிரி என்று.

"பிரிக்கிறேன் சாமி. எல்லாரும் கீழே போய்விட்டால், அரண்மனை எத்தனை அழகென்று மேலே நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

அவர்கள் போய்ச் சொன்னதும் ராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவள் அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

ஐப்பசியில் ஆறு பெருகியது. கணுக்கால் அளவு தண்ணீர் வந்தபோது, "ஆற்றுத்தாய் பாதபூஜை செய்கிறாள்" என்றார்கள் மந்திரிகள். முழங்கால் அளவு வந்தபோது, "மூட்டுவலிக்கு நல்லது" என்றார்கள். கழுத்தளவு வந்தபோது மூன்று பேரும் மேட்டில் இருந்தார்கள்.

ஊரோடு ராஜாவும் ஏறினார். அன்றைக்கு மூச்சு வாங்கவே இல்லை. காத்தாயி ஊற்றிய கூழைக் குடித்து, அவள் குடிசையில் சுருண்டு படுத்தார்.

வெள்ளம் வடிந்ததும் தண்டோரா போட்டார்கள்: "வீடு மேட்டில், வயல் பள்ளத்தில். இது மகாராஜா தாமே கண்டுபிடித்தது."

"யாருக்கு வரும் இந்த மூளை" என்றாள் காத்தாயி. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அரண்மனை இருந்த வண்டல் மண்ணில் நெல் விதைக்கப் போனாள்.

எங்கே குடியிருக்கணும், எங்கே விதைக்கணும் என்று மண்ணே சொல்லும். அதைக் கேட்கிறவர் நிலைப்பார், அதற்கே கட்டளை போடுகிறவர் நனைவார்.